ஒரு பக்கத்துக் கடிதங்கள்

1839ஆம் ஆண்டு பிப்ரவரி 7 அன்று பெஞ்சமின் டிஸ்ரேலி ஒரு கடிதம் எழுதினார். தன்னைவிடப் பன்னிரண்டு வயது மூத்தவரும் கணவரை இழந்தவருமான மேரி ஆனை மணக்க அப்போது அவர் முயன்றுகொண்டிருந்தார். டிஸ்ரேலிக்குக் கழுத்துவரை கடன். பணத்துக்காகத்தான் என்னைச் சுற்றிவருகிறாய் என்று அந்த அம்மாள் கோபத்தில் சொல்லிவிட, திரும்பி வந்து எழுதிய பதில் அது. முதலில் உன்னை நெருங்கியபோது என் மனதில் காதல் எதுவும் இல்லை என்று அதில் ஒப்புக்கொள்கிறார். உன் சொத்து ஊரார் நினைப்பதைவிடக் குறைவு என்பது எனக்குத் தெரியும் என்கிறார். அதன் பிறகுதான் தன் மனம் மாறிய கதையைச் சொல்கிறார். ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. 1872இல் மேரி ஆன் இறக்கும்வரை இருவரும் ஒற்றுமையாகவே வாழ்ந்தார்கள்.

பிற்காலத்தில் இரண்டு முறை பிரிட்டனின் பிரதமரான ஒருவர் இதை மேடையில் சொல்லியிருக்க முடியாது. நாவலாசிரியரும் ஆனதால் ஒரு கதாபாத்திரத்தின் வாயில் வைத்திருக்கலாம். ஆனால் அது அவருடைய வாக்குமூலம் ஆகாது. கடிதத்தில் மட்டுமே கிடைக்கிற சரக்கு இது. அரசியலிலும் எழுத்திலும் கால் வைத்த ஒருவரின் கடிதங்களைத் தொகுத்து அச்சிடும் வழக்கத்துக்கு ஏதாவது நியாயம் உண்டென்றால் அது இந்த மாதிரிப் பக்கங்களில்தான் இருக்கிறது. நம் ஊரில் அந்த வழக்கம் வேறு வடிவம் எடுத்தது. எங்கே சிறந்தது, எங்கே சறுக்கியது என்று பார்க்க டிஸ்ரேலி ஒரு நல்ல உரைகல்.

தமிழ் வாசகருக்கு டிஸ்ரேலி அறிமுகமாக ஒரு குறுக்கு வழி உண்டு. விக்டோரியா அரசியை இந்தியாவின் பேரரசி ஆக்கிய 1876ஆம் ஆண்டுச் சட்டம் அவர் அரசாங்கம் கொண்டுவந்தது. சென்னை மாகாணத்தில் தாது வருடப் பஞ்சம் தொடங்கியதும் அந்த ஆண்டில்தான். 1877 ஜனவரி முதல் தேதி டெல்லியில் தர்பார் நடந்தபோது இங்கே மக்கள் செத்துக்கொண்டிருந்தார்கள். அரச குடும்பத்தாருக்குப் புகழைக் கரணையால்தான் பூச வேண்டும் என்று டிஸ்ரேலி நண்பரிடம் சொன்னதாகக் கூறுவார்கள். அரசிக்கு அவர் எழுதிய கடிதங்களைப் பார்த்தால் அந்தக் கரணை ஓய்வெடுத்ததாகத் தெரியவில்லை.

அந்தக் கடிதங்கள் நூலான வரலாறு இன்னும் சுவையானது. டிஸ்ரேலி 1881இல் இறந்தார். நான்கே ஆண்டில், 1885இல், தம்பி ரால்ஃப் ஒரு தொகுப்பைக் கொண்டுவந்தார்: 1830, 1831இல் அண்ணன் ஸ்பெயின், மால்டா, துருக்கி, எருசலேம், எகிப்து என்று சுற்றியபோது வீட்டுக்கு எழுதியவை. அடுத்த ஆண்டே சகோதரி சாராவுக்கு எழுதிய கடிதங்கள். ரால்ஃபுக்கு மூலப்பிரதி என்ற மரியாதையெல்லாம் கிடையாது. சங்கடமான இடங்களை வெட்டினார். ஒரு நாளின் கடிதத்தை இன்னொரு நாளின் கடிதத்தோடு ஒட்டினார். அண்ணனின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வது தம்பியின் கடமை என்று நினைத்திருக்கலாம். விளைவு, நூறு ஆண்டுக்காலம் படித்தவர்கள் எல்லாரும் டிஸ்ரேலி எழுதாத கடிதங்களை டிஸ்ரேலியின் கடிதங்களாகப் படித்தார்கள்.

மனைவி இறந்த பிறகு, முதுமையில், பிராட்ஃபோர்டு சீமாட்டிக்கும் அவருடைய அக்கா செஸ்டர்ஃபீல்டு சீமாட்டிக்கும் டிஸ்ரேலி எழுதியவை ஆயிரத்து அறுநூறு கடிதங்கள். முன்னவருக்கு மட்டும் ஆயிரத்து நூறு. பிரதமர் வேலைக்கு நடுவே, சில சமயம் அமைச்சரவைக் கூட்டத்தில் உட்கார்ந்துகொண்டே எழுதியவை. அவற்றில் தேர்ந்தவற்றை 1929இல் பதிப்பித்தவர் ஜெட்லண்டு பிரபு. வங்காளத்தின் ஆளுநராக இருந்தவர், பிறகு இந்தியச் செயலாளர் ஆனவர்; 1940இல் லண்டன் காக்ஸ்டன் மண்டபத்தில் உதம் சிங்கின் குண்டு பட்டுக் காயத்தோடு தப்பியவரும் இவரே. ஏகாதிபத்தியத்தைக் கட்டியவரின் காதல் கடிதங்களை அதை நிர்வகித்தவர் பதிப்பித்திருக்கிறார்.

கடைசியில் கனடாவின் குவீன்ஸ் பல்கலைக்கழக அறிஞர்கள் மூலத்தைத் தேடிப் புறப்பட்டார்கள். டொராண்டோ பல்கலைக்கழகப் பதிப்பகம் 1982இல் முதல் இரண்டு தொகுதிகளை வெளியிட்டது. பத்தாவது தொகுதி 2014இல் வந்தது. அது 1868ஆம் ஆண்டோடு நிற்கிறது. அதாவது முதல் முறை பிரதமரான ஆண்டு. சூயஸ் பங்குகள் வாங்கியது, பேரரசிப் பட்டம், பெர்லின் மாநாடு எல்லாம் அதற்குப் பிந்தியவை. முப்பத்திரண்டு ஆண்டு உழைத்தும் ஆள் புகழின் உச்சிக்குப் போவதற்கு முன்பே தொகுப்பு நின்றுவிட்டது. விருந்துக்கு வருகிறேன் என்ற இரண்டு வரிச் சீட்டு, கடன்காரனுக்குச் சொன்ன சாக்கு, தேர்தல் தொகுதி வேலை எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல், ஒவ்வொன்றுக்கும் அடிக்குறிப்போடு அச்சிட்டால் இப்படித்தான் ஆகும். முழுமைக்குக் கொடுத்த விலை இது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கடன்காரர்களுக்கு எழுதிய சாக்குகளைப் படிக்காமல் அந்த 1839 பிப்ரவரிக் கடிதத்தின் நேர்மையை எடைபோட முடியாது.

இனி நம் பக்கம். டிஸ்ரேலிக்கு ஈடாக, நாவலும் எழுதி நாட்டையும் ஆண்ட ஒருவரைத் தேட நாங்கள் அதிக தூரம் போக வேண்டியதில்லை. எங்கள் ஊர் கூத்தாநல்லூரில் திருவாரூர்ப் பேருந்தில் ஏறினால் போதும். திருக்குவளையில் பிறந்து, திருவாரூரில் படித்து, 1942இல் அங்கேயே ‘முரசொலி’யைத் துண்டறிக்கையாகத் தொடங்கிய மு. கருணாநிதி ஐந்து முறை முதலமைச்சர். நாவல், நாடகம், திரைக்கதை, உரை என்று அவர் எழுதியதன் பட்டியல் நீளம். எல்லாவற்றிலும் மிகுதியானவை கடிதங்கள். ‘நண்பா’ என்று விளித்துத் தொடங்கி ‘உடன்பிறப்பே’ என்று நிலைத்து, உடல்நலம் குன்றிய 2016வரை முரசொலியில் எழுதிவந்தார். நாலாயிரத்துக்கும் மேற்பட்டவை இன்று 54 தொகுதிகளாக இருக்கின்றன. எண்ணிக்கையைப் பார்த்து அசந்துபோக வேண்டாம், ஐம்பது ஆண்டு நாளிதழ் எழுத்து அப்படித்தான் சேரும். ஆனாலும் உலகத்தில் எந்த ஆட்சித் தலைவரும் ஒரே விளியில் இவ்வளவு எழுதியிருப்பார் என்று தோன்றவில்லை.

இதற்கு வழிகாட்டி அண்ணா. 1955இல் ‘திராவிட நாடு’ இதழில் ‘தம்பிக்கு’ எழுதத் தொடங்கி, பிறகு ‘காஞ்சி’யில் தொடர்ந்தார். அரசியல் சட்ட எரிப்புப் போராட்டத்தில் சிறைக்குப் போன நாட்களின் குறிப்புகளையும் தம்பிக்குக் கடிதமாகவே கொடுத்தார். அவருக்கு முன்பே நேரு மகளுக்குச் சிறையிலிருந்து உலக வரலாறு எழுதியிருந்தார், மு. வரதராசனார் அன்னைக்கு, தம்பிக்கு, தங்கைக்கு, நண்பர்க்கு என்று கடித வடிவில் கட்டுரை நூல்கள் செய்தார். ஆனால் ஒரு கட்சியின் ஆயிரக்கணக்கான கிளைகளுக்கும் ஒரே முகவரியில் வாரந்தோறும் கடிதம் போடலாம் என்று கண்டுபிடித்தவர் அண்ணாதான்.

அந்தக் கண்டுபிடிப்பின் பலத்தை முதலில் சொல்லிவிட வேண்டும். டெல்டாவின் சிற்றூர்களில் திராவிட இயக்கத்தின் படிப்பகங்கள் எப்படி இருந்தன என்பது மூத்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு கூரை, ஒரு பெஞ்சு, இரண்டு மூன்று இதழ்கள். எழுத்து கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் உரக்கப் படிப்பார், மற்றவர் கேட்பார்கள். ஐந்தாம் வகுப்போடு நிறுத்தி நடவுக்கும் அறுப்புக்கும் போனவருக்கு நிதிநிலை அறிக்கையில் எந்தத் துறைக்கு எவ்வளவு, மத்திய மாநில உறவு என்றால் என்ன, அரசியல் சட்டத்தின் எந்தப் பிரிவில் ஆட்சியைக் கலைக்கிறார்கள் என்பதெல்லாம் அந்தக் கடிதங்கள் வழியாகத்தான் போய்ச்சேர்ந்தன. சங்கப் பாட்டுக் கதை ஒன்று, சட்டமன்றக் குறிப்பு ஒன்று, எதிர்க்கட்சிக்கு ஒரு குத்து, கடைசியில் மாநாட்டுக்கு அழைப்பு. இந்தக் கலவை வேறு எந்த மொழி அரசியலிலும் இந்த அளவுக்கு வேர் பிடித்ததில்லை. மேடைப் பேச்சு காற்றோடு போகும். கடிதம் மறுநாளும் பெஞ்சில் கிடக்கும், அதை வைத்து டீக்கடையில் சண்டை போடலாம்.

நெருக்கடி நிலைக்காலத்தில் இந்த வடிவம் தன் உச்சத்தைத் தொட்டது. 1976 ஜனவரி 31 அன்று கருணாநிதியின் ஆட்சி கலைக்கப்பட்டது. கைது செய்யப்பட்டவர்கள் யார் யார் என்று அச்சிடத் தணிக்கை விடவில்லை. பிப்ரவரி 3, அண்ணா நினைவு நாள். அன்று முரசொலியில், அண்ணா சதுக்கத்துக்கு மலர்வளையம் வைக்க வர இயலாதவர்களின் பட்டியல் என்று மாவட்டவாரியாகப் பெயர்கள் வந்தன. தணிக்கை அதிகாரிக்கு அஞ்சலிக் குறிப்பாகத் தெரிந்தது உடன்பிறப்புக்குக் கைதானவர் பட்டியலாகத் தெரிந்தது. அந்தப் பட்டியலைக் கடிதம் என்று சொல்ல முடியாதுதான். ஆனால் ஐந்தாறு ஆண்டுக் கடிதப் பழக்கம் இல்லாமல் அது புரிந்திருக்காது. எழுதுபவருக்கும் படிப்பவருக்கும் நடுவே அப்படி ஒரு குறிப்பறியும் ஒப்பந்தம் உருவாகியிருந்தது. இலக்கியத்துக்கே வாய்க்காத பேறு இது.

அப்படியானால் குறை எங்கே? வழக்கமாகச் சொல்லப்படும் பதில், இவை உண்மையான கடிதங்கள் இல்லை, கட்டுரைக்குக் கடித வேடம் போட்டவை என்பது. தனிமையில் ஒருவருக்கு எழுதியதே கடிதம், ஊருக்கு எழுதியது பிரசங்கம் என்பார்கள். கூத்தாநல்லூர்க்காரன் இதை அப்படியே ஏற்க மாட்டான்.

எங்கள் ஊருக்குச் சின்ன சிங்கப்பூர் என்று ஒரு பெயர் உண்டு. சபுராளிகளின் ஊர். பர்மா, மலாயா, சிங்கப்பூர், சைகோன், பின்னால் வளைகுடா நாடுகள் என்று ஆண்கள் கடல் கடந்து போய்ப் பிழைத்தார்கள். வீடு ஓடியது மணியார்டரிலும் கடிதத்திலும். மேலே 786 போட்டு, ஸலாம் சொல்லித் தொடங்கும் அந்தக் கடிதங்களில் தனிமை எவ்வளவு இருந்தது? வந்த கடிதத்தை வீட்டில் படிக்கத் தெரிந்த பிள்ளை ஒன்று உரக்கப் படிக்கும். மாமியார், நாத்தனார், பக்கத்து வீட்டு அம்மா எல்லாரும் கேட்பார்கள். எழுதுகிறவருக்கு இது தெரியும். அதனால் மனைவிக்குச் சொல்ல வேண்டியதை நேராக எழுத மாட்டார், உம்மாவுக்குச் சொல்வது போல எழுதுவார். டெல்டா முஸ்லிம் ஊர்ப் பெண்கள் சிலர் தமிழை அரபு எழுத்தில், அரபுத் தமிழில், எழுதத் தெரிந்தவர்கள். அவர்களுக்கு மட்டும் கொஞ்சம் மறைவிடம் கிடைத்தது. பிறகு கேசட் வந்தது. குரலைப் பதிந்து அனுப்பினார்கள். அதையும் டேப் ரெக்கார்டரைச் சுற்றி உட்கார்ந்து குடும்பமே கேட்டது.

ஆக, பலர் காதில் விழும் என்று தெரிந்து எழுதியதாலேயே ஒன்று கடிதம் இல்லாமல் போய்விடாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. சபுராளியின் கடிதம் எப்போதும் ஒரு ரசீதோடு தொடங்கும்: நீங்கள் எழுதிய இன்ன தேதிக் கடிதம் கிடைத்தது, விவரம் அறிந்தேன். பணம் வரவில்லை என்று உம்மா எழுதியிருந்தால் அதற்குப் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். நிலத் தகராறு பற்றி மச்சான் கேட்டிருந்தால் அதைத் தாண்டிப் போக முடியாது. மறுபக்கம் ஒருவர் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறார் என்ற பயம் எழுதுகிறவரை ஒழுங்கில் வைத்தது. தலைவரின் திறந்த மடலுக்கு இந்தக் கடிவாளம் கிடையாது. உடன்பிறப்பு கைதட்டுவான், மாநாட்டுக்கு வருவான், சிறைக்குப் போவான், ஓட்டுப் போடுவான். அவன் எழுதிய பதிலை மேற்கோள் காட்டி, நீ கேட்டது சரிதான், அங்கே நான் தவறினேன் என்று தலைவர் எழுதுவது அபூர்வம்.

ஆனால் பதிலே இல்லை என்று சொன்னாலும் தவறு. கலைஞர் கருணாநிதியின் கடிதங்களை வரிசையாகப் படித்தால் ஒன்று புலப்படும். முகவரி உடன்பிறப்புக்கு; பதில் வேறொருவருக்கு. எதிர்க்கட்சித் தலைவர் நேற்று விட்ட அறிக்கை, ஒரு நாளேட்டின் தலையங்கம், டெல்லியில் ஒரு அமைச்சர் சொன்னது, சட்டமன்றத்தில் ஒரு குறுக்குக் கேள்வி. பல கடிதங்களுக்கு இவைதான் காரணம். உண்மையில் அவரோடு கடிதத் தொடர்பில் இருந்தவர்கள் எதிரிகள். தொண்டன் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவன். இதைப் புரிந்துகொண்டால் கடிதங்களின் பலமும் பலவீனமும் ஒரே இடத்திலிருந்து வருவது தெரியும். எதிரி சூடாக இருந்தபோது எழுதியவை இன்றும் சூடாக இருக்கின்றன. வாதம், நக்கல், புள்ளிவிவரம், பழைய அறிக்கையைத் தேடியெடுத்து எதிரியின் முகத்துக்கு நேரே நீட்டும் லாவகம் எல்லாம் அங்கே உண்டு. எதிரியின் அறிக்கை மறந்துபோன இடத்தில் கடிதம் தந்தி போல மொட்டையாகிவிடுகிறது. யார் என்ன சொன்னார், எதற்கு இந்தக் கோபம் என்று இன்று இருபது வயதில் படிக்கிறவருக்குப் பிடிபடாது.

காவிரியை எடுத்துக்கொள்வோம். டெல்டாக்காரனுக்கு இதைவிட முக்கியமான பொருள் இல்லை. 1924ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் ஐம்பது ஆண்டு முடிந்த 1974இல் ஆட்சியில் இருந்தவர் கருணாநிதி. 1971இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த வழக்கை 1972இல் திரும்பப் பெற்றதும் அவர் அரசு. ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டார், வழக்கை விட்டுக்கொடுத்தார் என்ற குற்றச்சாட்டு அவர் வாழ்நாள் முழுவதும் துரத்தியது. அவரும் சளைக்காமல் விளக்கம் எழுதினார். பேச்சுவார்த்தைக்காகப் பிரதமர் இந்திரா காந்தி கேட்டுக்கொண்டதால் திரும்பப் பெற்றோம்; ஒப்பந்தம் முழுவதும் காலாவதியாகும் ஒன்றல்ல; 1990இல் நடுவர் மன்றம் அமைந்தது நம் முயற்சியால். 1991இன் இடைக்காலத் தீர்ப்பில் 205 டிஎம்சி, 2007இன் இறுதித் தீர்ப்பில் 419 டிஎம்சி என்று எண்களும் இந்த வாதங்களில் வந்துபோகும். ஒரு வழக்கறிஞரின் குறிப்பேடாக இது முதல் தரம். ஆனால் வழக்கறிஞரின் குறிப்பேட்டை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத முடியாது. குறுவைக்குத் தண்ணீர் வராத ஆண்டுகளில் வயலைக் காயப்போட்டவனுக்குத் தெரிய வேண்டியது, 1972இல் அந்த முடிவை எடுத்த இரவில் முதலமைச்சருக்கு என்ன சந்தேகம் இருந்தது, யார் வேண்டாம் என்றார்கள், எதை நம்பி ஒப்புக்கொண்டார் என்பது. அது உடன்பிறப்புக்கு எழுதிய கடிதத்தில் வராது. வரவும் கூடாது, படையை வழிநடத்துகிறவர் படைக்கு முன் நின்று தயங்க முடியாது.

இங்கேதான் டிஸ்ரேலி கணக்கைத் திருப்பிப் போடுகிறார். 1837 டிசம்பர் 7 அன்று நாடாளுமன்றத்தில் தன் முதல் பேச்சைப் பேசினார். சபை கூச்சலிட்டுச் சிரித்தது, உட்கார வேண்டியதாயிற்று. சாராவுக்கு எழுதிய கடிதத்தில் தோல்வி என்று எழுதுகிறார். உடனே, தோற்கடித்தது என் திறமைக்குறைவு இல்லை, எதிரிகளின் தொண்டைதான் என்று ஒட்டுப்போடுகிறார். அக்காவிடம் கூட முழுசாக விட்டுக்கொடுக்க மனம் வராத அந்தத் தடுமாற்றத்தில்தான் ஆள் உயிரோடு தெரிகிறார். அதற்காகத் தனிக்கடிதம் என்றாலே வேடம் கலைந்த எழுத்து என்று நினைத்துவிடக் கூடாது. அரசிக்கு எழுதும்போது அவர் போடாத வேடம் இல்லை. முதுமையில் சீமாட்டிகளுக்கு எழுதியதிலும் தன் நாவலில் தானே கதாநாயகனாக நடிக்கிறவரின் ஒப்பனை உண்டு. ஆனால் ஒரே வாரத்தில் அரசிக்கு ஒரு குரலில், அக்காவுக்கு ஒரு குரலில், கடன்காரனுக்கு இன்னொரு குரலில் எழுதியவை பக்கத்துப் பக்கத்தில் இருக்கும்போது ஒரு குரல் இன்னொன்றைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. 54 தொகுதிகளில் நமக்குக் கிடைப்பது ஒரே குரல். அது எவ்வளவு வளமான குரலாக இருந்தாலும் தன்னைத் தானே காட்டிக்கொடுக்காது.

திறந்த மடலிலும் தயக்கத்தைக் காட்ட முடியும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 1969 பொங்கலுக்குக் ‘காஞ்சி’ இதழில் அண்ணா எழுதிய கடிதம். ஏறக்குறைய மூன்று வாரத்தில் அவர் இறந்துவிட்டார். முதலமைச்சர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அந்த நாற்காலியின் போதாமையை அதில் எழுதுகிறார். பதவி மீது மோகம் இல்லை என்கிறார், ஏட்டில் கூட்டாட்சி, நடப்பில் வேறு என்கிறார். யாருக்கும் பதில் சொல்ல எழுதிய கடிதம் இல்லை அது. அதனால்தான் இன்றும் அடிக்குறிப்பு இல்லாமல் படிக்க முடிகிறது. கலைஞரிடம் இந்தத் தொனி இரங்கல் கடிதங்களில் எட்டிப்பார்க்கும். பழைய தோழர் ஒருவர் இறக்கும்போது தஞ்சை மாவட்டத்துத் தெருக்களும் சைக்கிள் பயணங்களும் ஞாபகத்துக்கு வர, வாதம் கொஞ்ச நேரம் அடங்கிவிடும். தொகுதிகளில் எனக்கு மிகவும் பிடித்த பக்கங்கள் அவை. அங்கே அவருக்கு எதிரி இல்லை.

இன்னொரு ஒப்பீடு, சுருக்கமாக. 1947 அக்டோபர் முதல் 1963 டிசம்பர் வரை பதினைந்து நாளுக்கு ஒருமுறை நேரு முதலமைச்சர்களுக்கு எழுதிய கடிதங்களை ஜி. பார்த்தசாரதி ஐந்து தொகுதிகளாகப் பதிப்பித்தார். ரகசியமும் அல்ல, பகிரங்கமும் அல்ல, அலுவல் கடிதங்கள். அவற்றில் நேரு உரக்கச் சிந்திக்கிறார், புலம்புகிறார், மாற்றிக்கொள்கிறார். படித்தவர்களும் ஆட்சியாளர்கள்; திருப்பி எழுதக்கூடியவர்கள். நம் மாநில முதலமைச்சர்களின் இப்படிப்பட்ட அலுவல் கடிதங்கள் தொகுக்கப்பட வேண்டும் என்று கேட்க ஆளில்லை. தலைவரின் மேடைப் பேச்சுக்கும் இதழ்க் கடிதத்துக்கும் இருக்கும் பக்தி கோப்புகளின் மேல் கிடையாது.

வந்த கடிதங்களைப் பாதுகாப்பதிலும் நாம் மோசம். இதற்கு விலக்கு ஒருவர், அதுவும் இதே காவிரிக்கரையில். 1880 முதல் 1903 வரை கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக இருந்த உ.வே. சாமிநாதையர் தமக்கு வந்த கடிதங்களைத் தூக்கிப் போடவில்லை. யாழ்ப்பாணத்து சி.வை. தாமோதரம் பிள்ளை, பாரிஸிலிருந்து ஜூலியன் வின்சோன், மடத்துத் தம்பிரான்கள், ஏடு கொடுத்தவர்கள், கொடுக்க மறுத்தவர்கள் என்று ஒரு காலகட்டமே அந்தக் கட்டுகளில் இருக்கிறது. ஆ. இரா. வேங்கடாசலபதி அவற்றை ‘உ.வே.சா. கடிதக் கருவூலம்’ என்று பதிப்பிக்க முடிந்ததற்குக் காரணம் பெற்றவர் சேர்த்துவைத்ததே. உ.வே.சா.வின் ‘என் சரித்திரம்’ சொல்லும் கதையை எதிர்ப்பக்கத்திலிருந்து சரிபார்க்க இன்று வழி உண்டு. டிஸ்ரேலிக்கும் அப்படித்தான் நடந்தது. அரசி, சீமாட்டிகள், மனைவி எல்லாரும் தங்களுக்கு வந்ததைக் கட்டிவைத்திருந்தார்கள். புதுமைப்பித்தன் மனைவிக்கு எழுதியவை ‘கண்மணி கமலாவுக்கு’ என்று நூலானதும் கமலா அம்மாள் வைத்திருந்ததால்தான். கடிதத் தொகுப்பை உண்மையில் உண்டாக்குகிறவர் எழுதியவர் அல்லர், பெற்றவர்.

இதில் ஒரு அபாயமும் உண்டு, அதைச் சொல்லாமல் விட முடியாது. பெற்றவர் வைத்திருந்தார் என்பதாலேயே அச்சிடும் உரிமை வந்துவிடுமா? நோயில் கிடந்தவன் மனைவியிடம் பணமில்லாமல் கெஞ்சியதை நான் ஏன் படிக்க வேண்டும் என்ற கூச்சம் எனக்கு உண்டு. மேரி ஆனுக்கு வந்த கடிதத்தைப் படித்தபோதும் அது இருந்தது. ஆட்சியில் இருந்தவரின் கடிதத்துக்கு மட்டும் இந்தக் கூச்சம் கொஞ்சம் குறையும். அவர் முடிவுகள் நம் வயலையும் வாய்க்காலையும் தொட்டவை. எழுத்தாளரின் வீட்டுக் கடிதத்துக்கு அந்தச் சமாதானம் கிடையாது. ரால்ஃபின் கத்தரிக்கோலை நான் வெறுத்தாலும் அவர் கை ஏன் நடுங்கியது என்பது புரிகிறது.

இப்போது நிலைமை ஒரு வகையில் சாதகம். கலைஞரின் நூல்களை 2024இல் தமிழ்நாடு அரசு நாட்டுடைமை ஆக்கியது. யாரும் யாரிடமும் அனுமதி கேட்காமல் பதிப்பிக்கலாம். அதற்காக ஐம்பத்து நான்கையும் மறுபடி அச்சடிக்கச் சொல்லவில்லை. டெல்டாவில் ஒரு கல்லூரித் தமிழ்த்துறையோ வரலாற்றுத்துறையோ ஒரே ஒரு தொகுதியில் தொடங்கலாம்: காவிரி பற்றி அவர் எழுதிய கடிதங்கள் மட்டும். இடப்பக்கம் கடிதம். வலப்பக்கம் அது எந்த அறிக்கைக்கு, எந்தத் தலையங்கத்துக்கு, எந்தச் சட்டமன்றக் கேள்விக்குப் பதிலோ அதன் மூலம், சொன்னவர் பெயரோடும் தேதியோடும். அடியில் அந்த ஆண்டு மேட்டூர் எந்தத் தேதியில் திறந்தது, எவ்வளவு தண்ணீர் வந்தது என்ற பொதுப்பணித்துறைக் கணக்கு. சட்டமன்றப் பதிவுகள் அச்சில் இருக்கின்றன, பழைய நாளிதழ்கள் சென்னை நூலகங்களில் இருக்கின்றன, நடுவர் மன்றத் தீர்ப்பு பொது ஆவணம். கடினமான வேலை ஒன்றுதான்: எம்.ஜி.ஆரும் ஜெயலலிதாவும் கர்நாடக முதலமைச்சர்களும் சொன்னதை, கலைஞர் மேற்கோள் காட்டிய அளவுக்கு மட்டும் வெட்டாமல், முழுசாகப் போடுவது. கட்சிக்காரர் பதிப்பித்தால் வலப்பக்கம் சுருங்கும். எதிர்க்கட்சிக்காரர் பதிப்பித்தால் இடப்பக்கம் சுருங்கும். 1971ஆம் ஆண்டு வழக்கில் தொடங்கினால் முதல் தொகுதிக்கு 1974வரை போதும்.